கிரீன்லாந்துப் பனியில் ஈயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேதியியல் படித்தவள். பள்ளிகளிலும் நூலகக் கூட்டங்களிலும் காற்று மாசு பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் கிளேர் பேட்டர்சன் செய்த துருவப் பனி ஆய்வை விடாமல் சொல்வேன். சொல்லி முடித்ததும் எழும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள். போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

முதல்ல, இது என்ன ஆராய்ச்சின்னு சுருக்கமா சொல்லுங்களேன்.

கிளேர் பேட்டர்சன் (1922–1995) ஓர் அமெரிக்கப் புவிவேதியியலாளர். கலிபோர்னியாவில் கால்டெக் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். 1960-களில் தன் குழுவோடு கிரீன்லாந்துக்கும் அண்டார்டிகாவுக்கும் போய், பல நூற்றாண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்த பனியை வெட்டி எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளந்தார். பழைய பனியில் ஈயம் இல்லை என்றே சொல்லலாம். புதிய பனியில் அதைப்போல 200 மடங்குக்கு மேல் இருந்தது. அதில் பெரும்பங்கு உலோகம் உருக்கும் உலைகளின் புகையிலிருந்தும் பெட்ரோல் வண்டிகளின் புகையிலிருந்தும் வந்தது.

எங்க வீட்டுல ஈயச்சொம்புலதான் ரசம் வைக்கிறோம். அதே ஈயமா இது?

எந்த ஊரில் பேசினாலும் தவறாமல் வரும் கேள்வி இது. நல்ல கேள்வியும்கூட. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ரசம் வைக்கும் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். பேட்டர்சன் தேடியது காரீயம். பேட்டரியிலும் பழைய தண்ணீர்க் குழாய்களிலும் இருந்த, கையில் எடுத்தால் கனக்கும் உலோகம். வெள்ளீயம் சமையலுக்கு ஆகும்; காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். விலை குறைகிறது என்று காரீயம் கலந்த சொம்பை வாங்கிவிடாதீர்கள். பார்வையில் வித்தியாசம் தெரியாது. தெரிந்த கடையில் கேட்டு வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் இனி ஈயம் என்று வருவதெல்லாம் காரீயம்தான்.

பூமியோட வயசைக் கண்டுபிடிச்சவர்னு பாடத்துல படிச்சோம். அவருக்குப் பனிக்கட்டியில என்ன வேலை?

ஆமாம், அவரேதான். பூமிக்கு 455 கோடி வயது என்று 1956-இல் எழுதியவர். யுரேனியம் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாக மாறும். ஒரு கல்லில் உள்ள ஈயத்தின் வகைகளைத் துல்லியமாக அளந்தால் அதன் வயது கிடைத்துவிடும். அரிசோனாவில் விழுந்த கேனியன் டியாப்லோ விண்கல்லை வைத்து அவர் போட்ட கணக்கு அது.

அந்த வேலையைத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. சிறு படிகங்களில் யுரேனியத்தை அளந்த நண்பர் ஜார்ஜ் டில்டனுக்குக் கணக்கு ஒத்துவந்தது. ஈயத்தை அளந்த பேட்டர்சனுக்கு எப்போதும் பல மடங்கு கூடுதலாகவே வந்தது. படிகத்துக்குள் இல்லாத ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடினார். ஆய்வகக் காற்றில் இருந்தது. தண்ணீரில் இருந்தது, சுவர்ப் பெயின்ட்டில் இருந்தது, அமிலப் பாட்டிலில் இருந்தது, அவருடைய தலைமுடியிலும் இருந்தது. ஆண்டுக்கணக்காகச் சுத்தம் செய்த பிறகுதான் சரியான எண் கிடைத்தது. பூமியின் வயது தெரிந்துவிட்டது. ஆனால் ‘இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்து எல்லாவற்றின் மேலும் படிந்தது’ என்ற கேள்வி அவரை விடவில்லை. கடல்நீரை அளந்தார். ஆழத்தில் உள்ள பழைய நீரைவிட மேற்பரப்பு நீரில் ஈயம் அதிகம் இருந்தது. அப்படியானால் அது சமீபத்தில்தான், அதுவும் மேலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும். மேலிருந்து விழுவதை ஆண்டுவாரியாகச் சேர்த்து வைத்திருப்பது துருவப் பனி. அதனால் அங்கே போனார்.

அங்கதான் தொழிற்சாலையும் இல்ல, வண்டியும் இல்லையே. ஈயம் எப்படிப் போச்சு?

காற்றில் போனது. உலையிலும் என்ஜினிலும் ஆவியாகும் ஈயம், வெளியே வந்து குளிர்ந்ததும் மிக நுண்ணிய துகளாகிவிடும். மண்தூசு போல உடனே கீழே விழாது. மழை வந்து கழுவி இறக்கும்வரை நாள்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். வடதுருவக் குளிர்காலத்தில் மழையும் பனிப்பொழிவும் குறைவு; குளிர்ந்த கனமான காற்று மூடிபோல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். உள்ளே போன புகை வெளியேற வாரக்கணக்கில் ஆகும்.

இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். 1950-களில் அலாஸ்காவிலிருந்து வானிலை பார்க்கப் பறந்த அமெரிக்க விமானிகள், வெறும் பனியும் கடலும் இருக்கும் இடத்தின்மேல் பழுப்பு நிற மூட்டம் ஒன்றைக் கண்டு குறித்து வைத்தார்கள். 1970-களில் க்ளென் ஷா, கென்னத் ரான் ஆகியோர் அந்தக் காற்றை வடிகட்டித் தாளில் பிடித்துப் பார்த்தார்கள். முதலில் ஆசியப் பாலைவனத் தூசு என்று நினைத்தார்கள். ஆனால் தாளில் சல்பேட், கரித்துகள், எண்ணெய் எரிந்தால் வரும் வனேடியம் எல்லாம் இருந்தன. ஐரோப்பாவிலும் சோவியத் நாட்டிலும் எரிந்த எரிபொருளின் புகை அது. ஆர்க்டிக் புகைமூட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் அது உச்சத்தில் இருக்கும்.

தென்துருவம் வேறு மாதிரி. சுற்றிலும் பெருங்கடல், அதன்மேல் ஓயாமல் சுழலும் மேலைக்காற்று. அதைத் தாண்டி உள்ளே போவது கடினம். பூமியின் தென்பாதியில் தொழிற்சாலைகளும் குறைவு. அதனால் அங்கே மாசு குறைவாகப் போகிறது. போகாமல் இருப்பதில்லை.

பனியைப் பார்த்து இது எந்த வருஷத்துப் பனின்னு எப்படிச் சொல்றாங்க?

மரத்தில் வளையங்களை எண்ணுவது போலத்தான். கோடையில் விழும் பனிக்கும் குளிர்காலத்தில் விழும் பனிக்கும் வேதியியல் வேறுபாடு உண்டு. அதை வைத்து ஆண்டுகளை எண்ணலாம். எண்ணிக்கை தப்பாமலிருக்க அங்கங்கே மைல்கற்களும் உண்டு. 1815-இல் தம்போரா எரிமலை வெடித்தபோது எழுந்த கந்தகம் இரண்டு துருவங்களிலும் ஓர் அடுக்காகப் பதிந்திருக்கிறது. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கமும் அப்படித்தான்.

பனியைத் தோண்டி எடுத்து உருக்கி அளக்கணும், அவ்வளவுதானே? இதுல என்ன பெரிய கஷ்டம்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பேட்டர்சன் குழு தேடிய பழைய பனியில், ஒரு கிலோ பனிக்கு 0.001 மைக்ரோகிராம் ஈயம்கூட இல்லை. அதாவது, பத்து டன் ஏற்றும் லாரியில் ஒரு லட்சம் லோடு பனி அள்ளி உருக்கினாலும் ஒரு கிராம் ஈயம் தேறாது. அவ்வளவு குறைவானதை அளக்கும்போது, அளப்பவரின் சட்டையிலிருந்து உதிரும் ஒரு துளித் தூசு போதும், மொத்தக் கணக்கும் பொய்யாகிவிடும்.

1965-இல் கிரீன்லாந்தில் கேம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க ராணுவ முகாமுக்குப் போனார்கள். பனிக்கு அடியில் சுரங்கங்களாக வெட்டிக் கட்டிய முகாம் அது. அங்கே கீழ்நோக்கிப் போகும் சுரங்கத்தில் இறங்கினால் நூற்றாண்டுகள் பழைய அடுக்குகளைக் கையால் தொடும் தூரத்தில் அடையலாம். புதிய பனிக்கு முகாமின் புகையும் ஆள் நடமாட்டமும் இல்லாத இடமாகப் பார்த்து, தள்ளிப்போய் அகழி வெட்டினார்கள். அமிலத்தில் கழுவிய கருவிகள், பிளாஸ்டிக் உடை, பிளாஸ்டிக் கையுறை. ஒரு குப்பி பனி இதற்குப் போதாது. பெரிய பெரிய கட்டிகளாக அறுத்து, பிளாஸ்டிக்கில் பொதிந்து, உருக்கினார்கள். அளக்கும் வேலையில் ஜப்பானிய வேதியியலாளர் முரோசுமி பெரும்பங்கு எடுத்துக்கொண்டார். மூக்கு ஒழுகும் அந்தக் குளிரில், ஒழுகும் ஒரு சொட்டுகூடக் கட்டியின்மேல் விழாமல் வேலை செய்ய வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிற்பாடு துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளுக்கு இன்னொரு வழி வந்தது. துளைக்கும் கருவி பட்டதால் தண்டின் வெளிப்புறம் அழுக்காகியிருக்கும். அதனால் வாழைத்தண்டை உரிப்பது போல வெளியிலிருந்து ஒவ்வோர் அடுக்காகச் செதுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்துகொண்டே உள்ளே போவார்கள். எண் இறங்கிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் இறங்காமல் நின்றுவிடும். அந்த நடுத்தண்டின் எண்தான் உண்மையான எண். நின்றாக வேண்டும், கடைசிவரை இறங்கிக்கொண்டே இருந்தால் அழுக்கு நடுவரைக்கும் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நானும் ஆய்வகத்தில் பீக்கர் கழுவியிருக்கிறேன். மூன்று முறை அமிலம், மூன்று முறை தூய நீர் என்று கழுவி, அப்படியும் வெறும் தண்ணீரிலேயே உலோகம் காட்டியபோது அழுகை வந்திருக்கிறது. அதனால்தான் அந்த 0.001-க்கு என் மனதில் இவ்வளவு மரியாதை.

சரி, கடைசியில என்ன தெரிஞ்சுது? நம்பரா சொல்லுங்க.

1969-இல் முரோசுமி, சோ, பேட்டர்சன் மூவரும் வெளியிட்ட முடிவு இது. கிரீன்லாந்தில் கி.மு. 800 வாக்கில் விழுந்த பனியில் ஒரு கிலோவுக்கு 0.001 மைக்ரோகிராமுக்கும் குறைவான ஈயம். 1960-களின் பனியில் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல். தொழிற்புரட்சிக் காலத்தில் மெல்ல ஏறத் தொடங்கிய கோடு, 1940-க்குப் பிறகு செங்குத்தாக ஏறுகிறது. 1940-க்கு முன் வந்த ஈயம் பெரும்பாலும் உலைகளிலிருந்தும், அதற்குப் பின் வந்தது பெரும்பாலும் பெட்ரோலிலிருந்தும் என்றார்கள்.

அண்டார்டிகாவின் உட்பகுதியில் 1940-க்கு முந்தைய பனியில் அவர்களுடைய கருவிக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதன் பிறகு 0.02 வரை ஏறியிருந்தது. கிரீன்லாந்தில் கண்டதில் பத்தில் ஒரு பங்கு.

எரிமலையிலயும் மண்ணுலயும்கூட ஈயம் இருக்கே. மனுஷன்தான் காரணம்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க?

அன்றைக்கு ஈயத் தொழில் தரப்பும் இதைத்தான் கேட்டது. பேட்டர்சன் குழு இதை முன்கூட்டியே யோசித்து, அதே பனியில் கடல் உப்பையும் மண்தூசையும் சேர்த்தே அளந்தது. மண்ணிலிருந்து ஈயம் வந்திருந்தால், ஈயம் ஏறும்போது மண்ணின் மற்ற தனிமங்களும் கூடவே ஏற வேண்டும். ஏறவில்லை. ஈயம் மட்டும் தனியாக ஏறியது. எரிமலைகளும் 1940-ஐப் பார்த்துப் புகையைக் கூட்டவில்லை.

பிறகு இதைவிட வலுவான சாட்சி கிடைத்தது. ஈயத்துக்கு எடை வேறுபட்ட பல ஐசோடோப்புகள் உண்டு. ஒவ்வொரு சுரங்கத்தின் ஈயத்திலும் அவற்றின் விகிதம் வேறு. உலையில் உருக்கினாலும் பெட்ரோலில் கலந்து எரித்தாலும் அந்த விகிதம் மாறாது. அதனால் பனியில் அகப்பட்ட ஈயம் எந்த நாட்டுத் தாதுவிலிருந்து வந்தது என்றுகூடப் பல நேரங்களில் சொல்ல முடிகிறது. பேட்டர்சன் பூமியின் வயதுக்காகப் பழகிய அதே கணக்குதான் இங்கேயும் பயன்பட்டது.

அவரை எதிர்த்து மிரட்டினாங்கன்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

மிரட்டல் என்று சொல்லமாட்டேன், ஆனால் விலை கொடுத்தார். அதுவரை அமெரிக்காவில் ஈயம் பற்றிய மருத்துவக் கருத்து முழுவதும் ராபர்ட் கீஹோ என்ற மருத்துவரைச் சுற்றியே இருந்தது. அவருடைய ஆய்வகம் ஈயத் தொழிலின் பணத்தில் நடந்தது. எல்லார் உடம்பிலும் ஈயம் இருக்கிறது, ஆகவே அது இயற்கை, ஒரு வரம்பைத் தாண்டாதவரை ஆபத்தில்லை என்பது அவர் வாதம். எல்லாரிடமும் இருப்பதாலேயே அது இயற்கை ஆகிவிடுமா என்று 1965-இல் எழுதிய கட்டுரையில் பேட்டர்சன் கேட்டார். எல்லாருமே மாசுபட்டிருந்தால்? ஒப்பிட்டுப் பார்க்க மாசுபடாத மனிதர் கிடைக்காத நிலையில், பழைய பனிதான் அந்த ஒப்பீட்டைத் தந்தது.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு பெட்ரோலியத் தொழிலிடமிருந்து அவருக்கு வந்துகொண்டிருந்த ஆய்வு நிதி நின்றது. 1966-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1971-இல் காற்றில் உள்ள ஈயம் பற்றித் தேசிய ஆய்வு மன்றம் அமைத்த குழுவில், அந்தத் துறையை அவரளவு அறிந்தவர் எவரும் இல்லாதபோதும், அவரைச் சேர்க்கவில்லை. அதை இப்போது படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பெட்ரோல்ல ஈயத்தை எதுக்குப் போட்டாங்க? நம்ம ஊர்லயும் இருந்துச்சா?

என்ஜினுக்குள் பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து ‘டக் டக்’ என்று தட்டும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கொஞ்சம் கலந்தால் அது நிற்கும் என்று 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். மலிவாகவும் இருந்ததால் உலகம் முழுக்கப் பரவியது.

இந்தியாவிலும் இருந்தது. 1995-இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. பெட்ரோல் பங்க்குகளில் ‘அன்லெடட்’ என்று தனியாக எழுதி வைத்திருந்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. உலகிலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல். பேட்டர்சன் அதைப் பார்க்க இல்லை.

நிறுத்தினதும் பனி சுத்தமாயிடுச்சா?

ஏற்கெனவே விழுந்த பனி அப்படியேதான் இருக்கும். புதிதாக விழும் பனி சுத்தமானது. பிரெஞ்சு விஞ்ஞானி க்ளோட் பூட்ரோன் குழு கிரீன்லாந்தின் புதிய அடுக்குகளை அளந்து 1991-இல் எழுதியது: சுமார் 20 ஆண்டுகளில் ஈயம் 7.5 மடங்கு குறைந்திருந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் படிப்படியாகக் குறைத்த ஈயப் பெட்ரோலின் கணக்கு, யாருமில்லாத இடத்தில் அப்படியே பதிவாகியிருந்தது. அந்த வரைபடத்தை நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டுவேன். ஏறிய கோடு இறங்குவதைப் பார்க்கும்போது அவர்கள் முகம் மாறும்.

முழுக்கப் பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்றால், இல்லை. நிலக்கரி எரிகிறது, உலோக உலைகள் ஓடுகின்றன.

தென்துருவத்துக்கு மனுஷன் போறதுக்கு முன்னாடியே மாசு போயிடுச்சாமே?

ஆமாம். 2014-இல் ஜோசப் மெக்கானல் குழு அண்டார்டிகாவின் பல இடங்களில் எடுத்த பனித்தண்டுகளை ஆராய்ந்தது. தொழிற்சாலை ஈயம் 1889 வாக்கிலேயே அங்கே வந்துவிட்டது. நார்வேக்காரர் அமுண்ட்சென் முதல் மனிதராகத் தென்துருவத்தில் கால் வைத்தது 1911 டிசம்பரில். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே. ஐசோடோப்பு விகிதம் ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் சுரங்கத்து ஈயத்தோடு ஒத்துப்போனது. அந்தத் தாதுவைப் போர்ட் பிரீ என்ற ஊரில் உருக்கினார்கள். கடந்த 130 ஆண்டுகளில் சுமார் 660 டன் ஈயம் அண்டார்டிகாவில் படிந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். பல நாடுகளில் ஈயப் பெட்ரோல் நின்ற பிறகும் அங்கே ஈயம் பழைய அளவைப் போல நான்கு மடங்கு இருந்தது. (அண்டார்டிகாவின் கரையோரத்தில் அதற்கு முன்பே ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். இங்கே பேச்சு தென்துருவம் என்ற அந்தப் புள்ளியைப் பற்றியது.)

1940-க்கு முன்னாடி அங்க ஒண்ணுமே இல்லைன்னு மேல எழுதியிருக்கீங்க. இப்ப 1889-ங்கிறீங்க. அப்ப பேட்டர்சன் சொன்னது தப்பா?

கூர்ந்து படித்திருக்கிறீர்கள், நன்றி. அவர்கள் எழுதியது ‘எங்கள் கருவிக்கு அகப்படவில்லை’ என்றுதான். 1960-களின் கருவி பார்க்க முடிந்த எல்லை அது. பிறகு வந்த கருவிகள் அதைவிடப் பல மடங்கு குறைவானதையும் பார்த்தன. மேலே சொன்ன தண்டு செதுக்கும் முறையைப் பேட்டர்சனே பின்னாளில் வகுத்து, பழைய பனியின் இயற்கை அளவைத் தன் முந்தைய எண்களைவிடத் துல்லியமாக்கினார். தன்னுடைய எண்ணைத் தானே திருத்துவதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

ரோமானியர் காலத்துலயே மாசு இருந்துச்சுன்னா, இதெல்லாம் பழைய கதைதானே? இப்ப எதுக்கு இவ்வளவு பேச்சு?

ரோமானியர் காலத்தில் இருந்தது உண்மை. வெள்ளி நாணயம் அடிக்க ஈயத் தாதுவை உருக்கினார்கள். ஸ்பெயினின் ரியோ டின்டோ பகுதிச் சுரங்கங்கள் அதில் முக்கியமானவை. கி.மு. 500 முதல் கி.பி. 300 வரை கிரீன்லாந்துப் பனியில் ஈயம் இயற்கை அளவைப் போல நான்கு மடங்கு இருந்தது என்று 1994-இல் ஒரு குழு எழுதியது. பேட்டர்சனும் அதில் ஒருவர். பின்னால் வந்த நுட்பமான அளவீடுகளில், 165-இல் ரோமப் பேரரசைத் தாக்கிய கொள்ளைநோயின்போது ஈயம் சரிந்ததுகூடத் தெரிகிறது. சுரங்கத்தில் ஆளில்லை, பனியில் ஈயமில்லை.

ஆனால் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எட்டு நூற்றாண்டுகளில் கிரீன்லாந்தில் விழுந்த மொத்த ஈயம், 1930-களிலிருந்து ஈயப் பெட்ரோலால் விழுந்ததில் சுமார் 15 சதவீதம்தான். 800 ஆண்டுகளில் அந்தப் பழைய உலைகள் செய்ததைவிட ஆறு மடங்குக்கு மேல், சில பத்தாண்டுகளில் வண்டிப் புகை செய்திருக்கிறது.

ஈயம் மட்டும்தான் போகுதா?

இல்லை, கரித்துகள் போகிறது. புதிய பனி தன்மேல் விழும் வெயிலில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதில் மிகச் சிறிதளவு கரி கலந்தாலே வெயிலை வாங்கிச் சூடாகி, சீக்கிரம் உருகும். கிரீன்லாந்தில் கரியின் உச்சம் இன்றைக்கு இல்லை. தொழிற்சாலைகள் நிலக்கரியில் ஓடிய 1900-களின் தொடக்கத்தில்தான். கப்பல்களின் கனரக எரியெண்ணெயிலிருந்தும் கரி வருகிறது. அண்டார்டிகக் கடலில் அதை 2011-இலேயே தடை செய்துவிட்டார்கள். ஆர்க்டிக்கில் 2024 ஜூலையில் தடை வந்தது, அதிலும் சில கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு. அந்த விலக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

பாதரசத்தின் கதை வேறு. ஆவியாகவே மாதக்கணக்கில் காற்றில் சுற்றும். 1995-இல் கனடாவின் வடகோடியில், துருவத்திலிருந்து சுமார் 800 கிலோமீட்டரில் உள்ள அலர்ட் நிலையத்தில் ஓர் அதிசயம் பதிவானது. நீண்ட இரவு முடிந்து வசந்தத்தில் சூரியன் எழுந்ததும், காற்றிலிருந்த பாதரசம் சில மணி நேரங்களில் காணாமல் போனது. கருவி கெட்டுவிட்டதோ என்று எவருக்கும் தோன்றும். கருவி சரியாகத்தான் இருந்தது. கடல்பனியின் உப்பிலிருந்து வெயில் பட்டுக் கிளம்பும் புரோமின், பாதரசத்தைப் பிடித்துப் பனியில் இறக்கிவிடுகிறது. அதில் ஒரு பகுதி மீண்டும் காற்றுக்கே திரும்பும். மீதி கடலுக்கும் மீனுக்கும் சீலுக்கும் போகிறது.

நாம இங்க அடிக்கிற பூச்சிமருந்துகூட அங்க போகுமா?

சில மருந்துகள் போகும். வெப்பமான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படிந்து, மறுபடி ஆவியாகி என்று வெட்டுக்கிளி தாவுவதுபோல் துருவத்தை நோக்கிப் போய், கடைசியில் கடுங்குளிரில் கிளம்ப முடியாமல் நின்றுவிடும். 1966-லேயே அண்டார்டிகாவின் அடேலி பெங்குவின்களின் உடலில் டிடிடி கண்டுபிடித்தார்கள். காசர்கோடு முந்திரித் தோட்டங்களின் பெயரோடு நாம் அறிந்த எண்டோசல்ஃபான் ஆர்க்டிக் காற்றிலும் அகப்பட்டது. அவ்வளவு தூரம் பயணிக்கிறது என்ற சான்றும் சேர்ந்துதான் 2011-இல் அது, எளிதில் சிதையாத நஞ்சுகளைத் தடுக்கும் உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலுக்குப் போனது. காசர்கோட்டில் தெளித்த அதே மருந்துதான் அங்கே போனது என்று நான் சொல்லவில்லை. இந்தப் பொருளின் தன்மை அது.

இதில் மனதை உலுக்கும் செய்தி 1980-களில் வந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தாய்ப்பாலில் மாசு இருக்கிறதா என்று எரிக் தெவாயி ஆராய்ந்தார். சுத்தமான இடத்தோடு ஒப்பிடலாம் என்று வடகோடியில் வாழும் இனுவிட் தாய்மாரின் பாலை எடுத்தார். பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி என்ற நஞ்சு, தெற்கத்தித் தாய்மாரிடம் இருந்ததைப் போல சுமார் ஐந்து மடங்கு அவர்களிடம் இருந்தது. சீல், திமிங்கிலக் கொழுப்பு அவர்களுடைய உணவு. அந்தக் கொழுப்பில்தான் அது சேர்கிறது. அந்த மக்கள் டிரான்ஸ்பார்மர் செய்யவில்லை, வயலுக்கு மருந்து அடிக்கவில்லை. 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முன்னுரையிலேயே ஆர்க்டிக் பழங்குடி மக்களைக் குறிப்பிட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஓசோன் ஓட்டையும் இதுவும் ஒண்ணுதானே?

வேறு. ஓசோன் சிதைவு தரைக்கு மேலே 15, 20 கிலோமீட்டர் உயரத்தில் நடப்பது. அண்டார்டிகாவில் உள்ள பிரிட்டனின் ஹேலி நிலையத்து அளவுகளை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்ளின் 1985-இல் அதைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே சூசன் சாலமன் குழு அண்டார்டிகாவின் மக்மர்டோ நிலையத்துக்குப் போய், கூரைமேல் நின்று கண்ணாடியால் நிலவொளியைத் திருப்பிக் கருவிக்குள் அனுப்பி, குளோரின்தான் காரணம் என்பதற்குச் சான்று எடுத்தது. ஒரே ஒரு தொடர்பு உண்டு: ஓசோனைச் சிதைத்த குளிர்பதன வாயுவை உருவாக்கியதும் மேலே சொன்ன அதே மிட்ஜ்லிதான்.

பனி உருகினா உள்ள பூட்டியிருக்கிற விஷமெல்லாம் வெளிய வந்துடாதா?

ஈயத்தைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. கிரீன்லாந்தின் 1960-களின் பனியில் இருந்தது 0.2. ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் கொழுப்பில் சேரும் நஞ்சுகள் அப்படியல்ல. 2008-இல் வெளிவந்த ஆய்வில், டிடிடி-யை உலகம் பெருமளவு நிறுத்திப் பல ஆண்டுகள் கழிந்தும் அடேலி பெங்குவின்களில் அது குறையவில்லை என்று தெரிந்தது. பனியாறுகள் உருகிப் பழைய டிடிடி கடலில் கலப்பதுதான் காரணம் என்றார்கள்.

குடிநீர் வரம்புல ஐம்பதுல ஒரு பங்குன்னா, அந்த ஈயத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

கிரீன்லாந்துப் பனி யாருக்கும் நஞ்சாகவில்லை, சரிதான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, மழையில் கழுவப்பட்டு, மிஞ்சியது மட்டும்தான் அங்கே விழுந்தது. அங்கேயே 200 மடங்கு என்றால், புகைக்குழாயின் பக்கத்திலேயே தெருவில் விளையாடிய குழந்தை எவ்வளவு மூச்சில் வாங்கியிருக்கும்? அந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் பதில் கிடைத்தது. 1976-க்கும் 1980-க்கும் இடையில் பெட்ரோலில் ஈயம் குறைந்தபோது, மக்களின் ரத்தத்தில் ஈயம் சராசரியாக 37 சதவீதம் குறைந்தது. இவ்வளவு வேகமாகக் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு.

இந்தியாவிலிருந்து யாராவது இதைச் செய்றாங்களா? என் பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா, இதுல போகணும்ங்கிறா.

செய்கிறார்கள். கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் இந்தியாவின் துருவப் பணிகளைக் கவனிக்கிறது. அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள். வடக்கே நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் நி ஓலெசுன் ஊரில் 2008-இலிருந்து ஹிமாத்ரி நிலையம். நம்மவர்கள் அங்கே காற்றில் மிதக்கும் நுண்துகளையும் கரியையும் அளக்கிறார்கள்.

வேதியியல், இயற்பியல், புவியியல் எதில் பட்டம் வாங்கினாலும் வழி உண்டு. ஆனால் எந்த நுண்ணளவு ஆய்வகத்தில் சேர்ந்தாலும் முதல் நாளே பனியைக் கையில் கொடுக்கமாட்டார்கள். ஒரு காலிப் பாட்டிலைக் கொடுப்பார்கள். அதைக் கழுவி, தூய நீர் நிரப்பி, அதில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று அளக்கச் சொல்வார்கள். பிளாங்க் என்று அதற்குப் பெயர். அந்த எண் போதுமான அளவு இறங்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், வாரங்கள்கூட ஆகலாம். உங்கள் பெண்ணுக்கு அந்த வாரங்கள் சலிக்கவில்லை என்றால், தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.